பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் ஜாப் கார்டும்

சென்னை ராயப்பேட்டையில், ஜி.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே சாமான் வைக்க மட்டும் ஒரு சிறிய அறை. வேலையெல்லாம் வாசலில்தான். நான் போனபோது மெக்கானிக் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் பைக்குக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார். வண்டிக்காரரை முந்தின நாள் ராத்திரியே வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்திருக்கும், எடுக்கிற அளவு தப்பாகிவிடும்.

இன்ஜினின் இடது பக்க கவரில் இரண்டு மூடிகள். இரண்டையும் கழற்றி, நடுவில் தெரியும் நட்டில் பாக்ஸ் ஸ்பேனரைப் பொருத்தி மெதுவாகச் சுழற்றுகிறார். மேல் துவாரத்தில் ஆங்கில ‘டி’ எழுத்துக் குறி வந்து நேராக நின்றதும் கையை எடுத்துவிடுகிறார். பிஸ்டன் இப்போது உச்சியில் இருக்கிறது. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் ஒரு சுற்று வேலைக்குள் இரண்டு முறை உச்சிக்கு வரும். எந்த முறை என்று தெரிந்துகொள்ள டேப்பெட் மூடிகளைத் திறந்து இரண்டு ராக்கர்களையும் விரலால் ஆட்டிப் பார்க்கிறார். இரண்டும் லேசாக ஆடினால் சரி. ஒன்று இறுகி நின்றால் இன்னொரு சுற்று சுற்ற வேண்டும்.

பிறகு ஃபீலர் கேஜ். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லிய எஃகுத் தகட்டை ராக்கர் நுனிக்கும் வால்வுக்கும் நடுவே நுழைத்து இழுக்கிறார். தகடு தாராளமாக வந்தால் இடைவெளி அதிகம், வரவே மறுத்தால் குறைவு. லேசான பிடிப்போடு வர வேண்டும். அந்தப் பதம் கிடைத்ததும் ஸ்க்ரூவை டேப்பெட் கீயால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குகிறார். இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறிவிடும் என்பதால் தகட்டை மறுபடி விட்டுப் பார்க்கிறார். இந்த இரண்டாவது சோதனையை அவர் ஒரு வண்டிக்கும் விடுவதில்லை.

“சத்தம் வந்தா பரவாயில்லை சார். சத்தமே இல்லைன்னாதான் பயப்படணும்” என்றார். காரணம் எளிது. இடைவெளி கூடினால் டக் டக்கென்று கேட்கும், வண்டிக்காரர் தானாகவே கொண்டுவந்துவிடுவார். குறைந்தால் வால்வு முழுக்க மூடாது. கம்ப்ரெஷன் கசியும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், நாளடைவில் வால்வின் விளிம்பு தீய்ந்துபோகும். அதுவரை வெளியே ஒன்றும் கேட்காது.

டேப்பெட் முடிந்ததும் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகிய பிறகு பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். குளிர்ந்த நிலையில் முதல் வேலை, சூட்டில் இரண்டாவது. இந்த வரிசைதான் என்னை யோசிக்க வைத்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் காலையில் ஓட்டிக்கொண்டு போய் விடுகிற வண்டி, மாலையில் டெலிவரி ஆக வேண்டும். நிற்கிற வண்டிகளின் வரிசையில் ஓர் இன்ஜின் ஆறும்வரை காத்திருக்க அங்கே நேரம் எங்கே இருக்கிறது?

அங்கும் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத விஷயங்கள் நிறைய. வண்டியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தும் லிஃப்ட், போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவே இறுக்கும் டார்க் ரெஞ்ச், மாடலுக்கு மாடல் தனிக் கருவி, கோளாறைப் படிக்கும் ஸ்கேனர். ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள் நின்றபடி, முதுகு வலிக்காமல் வேலை செய்கிறார்கள். சந்து மெக்கானிக்குக் கனவில்கூடக் கிடைக்காத வசதி. ஆனால் வண்டிக்காரர் பேசுவது முன்னால் மேஜையில் இருக்கும் சர்வீஸ் அட்வைசரிடம். “காலையில முதல் பத்து நிமிஷம் மட்டும் ஒரு சத்தம் வருது, அப்புறம் போயிடுது” என்று அவர் சொல்வது ஜாப் கார்டில் ‘இன்ஜின் சத்தம்’ என்ற இரண்டு வார்த்தையாகச் சுருங்குகிறது. ஸ்பேனர் பிடிப்பவர் கைக்கு வருவது அந்த அட்டை மட்டும்தான். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. அது மேஜையிலேயே தங்கிவிடுகிறது.

வழக்கமான சர்வீஸ் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வண்டியோடு வரும் கையேட்டின் பின்பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். எத்தனை கிலோமீட்டரில் எதைப் பார்க்க வேண்டும், துடைக்க வேண்டும், மாற்ற வேண்டும், சரிசெய்ய வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், செயின், கிளட்ச் கேபிளின் ஃப்ரீ ப்ளே, பிரேக் கட்டையின் தேய்மானம், டயர் காற்று. இதில் பெரும்பகுதி, கண்ணும் கொஞ்சம் பொறுமையும் உள்ள யாரும் செய்யக்கூடியது.

அம்பத்தூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் பல்சரை அப்படித்தான் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஜின் ஓடும்போது செயினில் துணி வைத்துத் துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சாவி பையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் ஆட்டி, ஸ்கேலால் அளந்தார். இந்த வகை வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு இருக்கலாம். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி மறுபடி அளந்தார், பிறகு இன்னோர் இடத்தில். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தொய்வும் இருந்தால் செயின் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். வித்தியாசம் பெரிதானால் செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுவதே வழி. பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

அட்ஜஸ்ட் செய்யும்போது இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். ஒரு கோடு தள்ளினாலும் சக்கரம் சாய்ந்து ஓடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். எந்தக் கிலோமீட்டரில் என்ன செய்தார் என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. ஆயில் டப்பா வாங்கும்போது அதில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. வழுக்கலைக் கூட்டும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

இப்படித் தானே செய்வதால் மிச்சமாவது என்ன? லேபர் சார்ஜும் அதன் மேல் போடும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், புனல், தட்டு என்று முதலில் கையைவிட்டுப் போகும் பணம் சில சர்வீஸ்களில் திரும்பிவிடும். பணத்தைவிடப் பெரிய லாபம் வேறு. தன் செயினை அளக்கத் தெரிந்தவரிடம் யாரும் தேவையில்லாமல் செயின் செட் விற்க முடியாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், எந்தச் சத்தம், எந்த கியரில், எந்தச் சூட்டில் என்று சொல்லத் தெரிந்த வாடிக்கையாளராகப் போகிறார்.

ஆனால் ஆசிரியர் தொடாத இடங்களும் உண்டு. டிஸ்க் பிரேக் ஆயிலை அவர் மாற்றுவதில்லை. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும்போது குழாயில் காற்றுக்குமிழி தங்கினால் லீவர் அமுங்கும், வண்டி நிற்காது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதால் அந்தக் குழாய்வழி இன்னும் சிக்கலாகியிருக்கிறது. வாரண்டி காலத்தில் ஃப்ரீ சர்வீஸ்களைத் தவறவிடுவதும் புத்திசாலித்தனம் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இல்லாவிட்டால் பின்னால் பெரிய கோளாறு வரும்போது நிறுவனம் கையை விரிக்கலாம். டிரெயின் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் இறுக்குவது இன்னொரு ஆபத்து. அலுமினிய கேஸில் மரை போய்விட்டால் மிச்சம் பிடித்த பணமெல்லாம் லேத் பட்டறைக்குப் போகும்.

வடித்த ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. ஆசிரியர் பழைய டப்பாவிலேயே நிரப்பி, தெருமுனை மெக்கானிக்கின் பீப்பாயில் சேர்த்துவிடுகிறார். அங்கிருந்து அது மறுசுத்திகரிப்புக்குப் போக வேண்டும். நடப்பில் ஒரு பகுதி கட்டட வேலைக்குச் சென்ட்ரிங் பலகைகளில் பூசப் போகிறது. வீட்டில் வேலை செய்பவருக்கும் தெரு மெக்கானிக்குக்கும் உறவு அறுவதில்லை என்பதற்கு இந்த பீப்பாயே சாட்சி.

சென்னைக்கு இந்தத் தொழில் தற்செயலாக வரவில்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன; அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. பாயிண்ட் தேய்த்து, டைமிங் வைத்து, காபரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து காதாலேயே கோளாறு கண்டுபிடித்த தலைமுறை அந்த வண்டிகளில்தான் கை பழகியது. ராயப்பேட்டை மெக்கானிக் அப்படிப்பட்ட ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து கற்றவர்.

அவருக்கு இன்று காது மட்டும் போதவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் காபரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் காரணத்தை ஸ்கேனர்தான் சொல்லும். சொந்தக் காசில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். சில கம்பெனி வண்டிகளைப் படிக்கிறது, சிலவற்றைப் படிப்பதில்லை. படிக்காதவற்றை டீலரிடம் அனுப்பிவைக்கிறார். “கோளாறு என்னன்னு தெரிஞ்சா சரிபண்ணிடுவேன் சார். தெரிஞ்சுக்கத்தான் விடமாட்டேங்கறாங்க” என்றபோது அவர் குரலில் இருந்தது நியாயமான கோபம்.

கார்கள் விஷயத்தில் இந்தக் கோபத்தை நாடு ஒருமுறை கேட்டிருக்கிறது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தடுத்ததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது, அதன் பட்டியலில் வாகனங்களும் இருந்தன. இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதில் வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சர்வீஸ் மேனுவலும் கோளாறுக் குறியீடுகளின் பட்டியலும் விலைக்காவது வெளியே கிடைக்க வேண்டும். ஸ்கேனர் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் படிக்க வேண்டும். அப்படிச் செய்தால் அம்பத்தூர் ஆசிரியர் தன் மஞ்சள் விளக்குக்குக் காரணம் தெரிந்துகொண்டு, அதைத் தானே பார்ப்பதா, சந்துக்குப் போவதா, டீலரிடம் விடுவதா என்று தீர்மானிக்க முடியும்.