அத்தையின் அரிவாள்மனை

வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஓட்டு வீட்டின் பின்கட்டில் அத்தை குடியிருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே தாலியை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. பள்ளி லீவு விட்டதும் நாங்கள் எல்லாரும் போய் இறங்குவது அந்த வீட்டில்தான்.

மதுரையை எனக்குக் காட்டியவள் அவள். மாதங்களை அவள் எண்ணியதே மீனாட்சியை வைத்துத்தான். தை என்றால் தெப்பம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் அம்மனும் சுவாமியும் வலம் வர, கரையில் எங்களை உட்காரவைத்துப் புளியோதரை கொடுப்பாள். அங்கே மண் தோண்டியபோதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்ற கதையும் கூடவே வரும்.

ஆவணி என்றால் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா, கூடவே அதன் கதை. வைகை கரையை உடைத்தபோது, அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். அனுப்ப ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாக வந்தார். உதிர்ந்த புட்டை வாங்கித் தின்றார், மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் அத்தை திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். “ஆளில்லாதவளுக்கு அவரே ஆளா வந்துட்டாரு, பாத்தியா” என்பாள்.

சொந்தத்தில் கல்யாணம், வளைகாப்பு என்றால் அடுப்படி வேலை பாதி அவள் தலையில். ஆனால் தாலியைத் தொட்டுக் கும்பிடத் தட்டு வரும் நேரம் அவள் கூடத்தில் இருக்கமாட்டாள். போ என்று யாரும் சொன்னதில்லை. இரு என்றும் யாரும் சொன்னதில்லை.

மீனாட்சி கல்யாணத்தில் அந்த விலக்கு இல்லை. சித்திரையில் பட்டாபிஷேகம், மறுநாள் திக்விஜயம், அதற்கு மறுநாள் திருக்கல்யாணம். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் தெய்வானையும் வருவார்கள். தங்கையைத் தாரைவார்க்கப் பவளக்கனிவாய்ப் பெருமாள் வருவார். முகூர்த்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். வந்த ஜனத்துக்கெல்லாம் சேதுபதி பள்ளியில் விருந்து. சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அந்த விருந்துக்குக் காய் நறுக்க முதல்நாளே ஆட்கள் வந்துவிடுவார்கள். வயதான காலத்தில் அத்தையும் தன் அரிவாள்மனையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் யார் எவர் என்று அங்கே கேட்பாரில்லை. நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பாரில்லை. பூசணியும் கத்தரிக்காயும் மலையாகக் கிடக்கும். விடிய விடிய நறுக்குவாள். காலையில் பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து அவளே பரிமாறுவாள். “ரெஸ்ட் எடுக்கலாமே அத்தை” என்று ஒருமுறை சொன்னேன். “ஆத்தா கல்யாணம்டா. பொண்ணு வீட்டுக்காரி ஒதுங்கி நிக்கலாமா?” என்றாள்.

அவள் பக்தியில் பயம் இருந்ததில்லை. தனக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று அவள் வேண்டி நான் கேட்டதும் இல்லை. தெய்வத்தின் வீட்டில் தனக்கு உரிமை உண்டு என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. மனிதர்கள் வீட்டில் அந்த உரிமையை நாங்கள் அவளுக்குத் தரவில்லை.

இப்போது அத்தை இல்லை. அவளைப் போன்றவர்கள் எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் நடக்கும்போது, அடுப்படியில் நிற்கும் அத்தையையோ சித்தியையோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணவறைக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். தாலித் தட்டை முதலில் அவர்களிடம் நீட்டுங்கள்.