குத்தகைக்கு ஒரு கார்

லீஸ் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது திருச்சி உறையூரில். எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டுக்காரரிடம் 25,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருந்தோம். காலம் முடிந்து வீட்டைக் காலி செய்த அன்று, வீட்டுக்காரர் அதே 25,000 ரூபாயை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அப்பா இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த தெருவில் இன்னொரு வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இதையே ஒத்தி என்று சொல்பவர்களும் உண்டு. பணம் போகும், பணம் வரும், நடுவில் நாம் இருந்துவிட்டுப் போகலாம்.

ஆகவே 2023 செப்டம்பரில், நியூ ஜெர்ஸியிலிருந்து தொலைபேசியில் அப்பாவை அழைத்து, புதுக் கார் ஒன்றை லீசுக்கு எடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி இயல்பானதுதான்.

"முடியும்போது பணத்தத் திருப்பிக் குடுத்துருவாங்கள்ல?"

இல்லை என்றேன். மாதாமாதம் கட்ட வேண்டும், முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பணம் வராது என்று விளக்கினேன். சற்று நேரம் பேச்சில்லை.

"அப்ப இது குத்தகை. விளைஞ்சாலும் அளக்கணும், விளையலைன்னாலும் அளக்கணும். பாதியில விட்டுட்டுப் போகணும்னா என்ன கேப்பான்?"

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். 1952 புயலில் பயிர் முழுகிய ஆண்டும் பேசிய நெல்லை அளக்க வேண்டியிருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்போது அப்பாவுக்கு ஏழு வயது. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. குத்தகை என்றால் பேசியது பேசியதுதான். அப்பாவின் கடைசிக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. "அதெல்லாம் வராதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்களுடைய பழைய காருக்கு அந்த ஆகஸ்டில்தான் முடிவு வந்தது. நான் அமெரிக்கா வந்த மறு ஆண்டு, 2012-இல், பழையதாகவே வாங்கிய கார் அது. ஒன்றரை லட்சம் மைல்களுக்கு மேல் ஓடிக் களைத்து, மகளைப் பின்னால் உட்கார வைத்து வந்துகொண்டிருந்த ஒரு மாலையில் நெடுஞ்சாலை ஓரமாக நின்றுவிட்டது. பழைய கார்களின் விலை 2021-இன் சில்லுத் தட்டுப்பாட்டில் ஏறி, முழுதாக இறங்காமல் இருந்த நேரம். வங்கிக் கடன் வட்டியும் ஏறியிருந்தது. அலுவலக நண்பர் ஒருவர்தான் லீஸ் யோசனையைச் சொன்னார். அவரும் என்னைப்போல் ஹெச்-1பி விசாவில், பச்சை அட்டைக்கான வரிசையில் பல ஆண்டுகளாக நிற்பவர். "நாம இங்க எத்தன நாளோ! எதுக்கு ஒரு காரைக் கட்டிக்கிட்டு அழணும்?" என்றார். தற்காலிக மனிதனுக்குத் தற்காலிகக் கார். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது.

விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு செடான் காருக்கு மாதம் 259 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே எறும்பு வரிசையாக ஓடிய எழுத்துகளில், கையெழுத்திடும்போது 3,959 டாலர் கட்ட வேண்டும் என்றிருந்தது. அதில் முதல் மாதத் தவணையும் அடக்கம். மீதி 35 தவணைகளையும் சேர்த்துக் கூட்டினால் 13,024 டாலர். 36-ஆல் வகுத்தால் மாதம் 362 டாலர் ஆகிறது. மனைவி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "காய்கறிக்காரர்கூட இப்படி நிறுக்க மாட்டார்" என்றாள்.

லீசில் முன்பணம் கட்டுவதில் இன்னொரு பள்ளமும் உண்டு. காரை ஓட்டிக்கொண்டு வெளியே வந்த முதல் வாரமே பெரிய விபத்தில் அது அழிந்துபோனால், காப்பீட்டுப் பணம் காரின் சொந்தக்காரரான நிதி நிறுவனத்துக்குப் போகும். அதிலும் குறையும் தொகையை 'கேப்' காப்பு இருந்தால் அது ஈடுகட்டும். நாம் கட்டிய முன்பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். உறையூரின் மஞ்சள் பை இங்கே கிடையாது. ஆகவே முன்பணம் பூஜ்யம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு கணக்கைப் படித்தேன். லீசில் நாம் காரின் விலையைக் கட்டுவதில்லை, அது நம்மிடம் இருக்கும்போது இழக்கப்போகும் மதிப்பைக் கட்டுகிறோம். நான் பார்த்த காரின் சன்னல் சீட்டில் இருந்த விலை 32,000 டாலர். பேரம் பேசி 30,000-க்குக் கொண்டுவரலாம். மூன்று ஆண்டுகள் கழித்து அதன் மதிப்பு சீட்டு விலையில் 60 விழுக்காடு, அதாவது 19,200 டாலர் என்று நிதி நிறுவனம் முன்கூட்டியே எழுதிவிடுகிறது. இதற்கு ரெசிடுவல் என்று பெயர், எஞ்சும் மதிப்பு. டீலரால் இதை மாற்ற முடியாது. 30,000-க்கும் 19,200-க்கும் உள்ள வித்தியாசம் 10,800. அதை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 300 டாலர் தேய்மானம்.

இதன்மேல் வட்டி. அதை வட்டி என்று சொல்லாமல் 'மணி ஃபேக்டர்' என்று ஒரு சிறிய தசம எண்ணாகச் சொல்வார்கள். 0.0020 என்று கேட்டால் யாருக்கும் பயம் வராது. அதை 2,400-ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி வந்துவிடும், 4.8 விழுக்காடு. கார் விலையையும் எஞ்சும் மதிப்பையும் கூட்டி இந்த எண்ணால் பெருக்கினால் மாதத்துக்கு 98 டாலர் 40 காசு. ஆக வரி நீங்கலாக மாதம் ஏறத்தாழ 398 டாலர். 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டமும் அதன் விதிகளும் தேய்மானம், எஞ்சும் மதிப்பு, மொத்த வாடகைக் கட்டணம் ஆகியவற்றை டாலர் கணக்கில் எழுதிக் காட்டச் சொல்கின்றன. ஆனால் ஆண்டு வட்டி விகிதம் இவ்வளவு என்று சொல்லும்படி கட்டாயப்படுத்தவில்லை. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஐந்து டீலர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். இன்ன கார், 36 மாதம், ஆண்டுக்கு 12,000 மைல், முன்பணம் இல்லை. விற்பனை விலை, மணி ஃபேக்டர், ரெசிடுவல், கட்டணங்கள் மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். மூன்று பேர் "நேரில் வாருங்கள், உங்களை மகிழ்விப்போம்" என்று பதில் எழுதினார்கள். இரண்டு பேர் எண்களை அனுப்பினார்கள். மகிழ்விப்பவர்களை விட்டுவிட்டு, எண் அனுப்பியவர்களில் குறைந்த விலை சொன்னவரிடம் போனோம். அன்று செப்டம்பர் 30, சனிக்கிழமை. மாதக் கடைசி, காலாண்டின் கடைசி நாளும்கூட. நியூ ஜெர்ஸியில் ஞாயிறன்று கார் விற்கச் சட்டம் இடம் தராது. விற்பனை இலக்கை எட்டாதவர்களுக்கு அன்று மாலைதான் கடைசி வாய்ப்பு. பேரத்துக்கு அதைவிட நல்ல நாள் அமையாது.

அப்படியும் நிதிப் பிரிவு அறையில் வைத்த காகிதத்தில் மாதத் தவணை 423 டாலர் என்றிருந்தது. விலை பேசியபடி, ரெசிடுவலும் சரி. மணி ஃபேக்டர் மட்டும் 0.0025 ஆகியிருந்தது. நிதி நிறுவனம் தரும் விகிதத்தின்மேல் டீலர் தனக்காக ஏற்றி வைப்பது இங்கே வழக்கமான வியாபாரம்தான். கடைசித் தசமத்தில் ஐந்து புள்ளி. மூன்று ஆண்டுகளில் 886 டாலர். மின்னஞ்சலைக் காட்டினேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் சங்கடப்படவேயில்லை. புன்னகைத்துக்கொண்டே பழைய எண்ணைத் தட்டினார். வெற்றி பெற்ற உணர்வோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது அவர் என் ஆவணங்களைப் புரட்டியபடியே மிகச் சாதாரணமாகக் கேட்டார். "உங்கள் விசா 2026 பிப்ரவரியில் முடிகிறதே? இந்த லீஸ் அதற்குப் பிறகும் ஏழு மாதம் போகிறது."

நீட்டிப்பு வரும், ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். அவருக்கு அதில் சந்தேகமோ அக்கறையோ இல்லை. நிதி நிறுவனத்துக்குக் காலம் விசாவுக்குள் அடங்க வேண்டும், 24 மாத ஒப்பந்தம் போடலாம், அல்லது 36 மாதத்துக்கு இன்னொரு நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். என் முன்னாலிருந்த காகிதத்தில் அந்தக் காருக்கு 2026 செப்டம்பரில் என்ன மதிப்பு என்று டாலர் சுத்தமாக எழுதியிருந்தது. அதே மாதத்தில் நான் எந்த நாட்டில் இருப்பேன் என்பதற்கு எந்தக் காகிதத்திலும் விடை இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் பார்த்தது அன்றுதான்.

அப்பாவின் கேள்வி அப்போதுதான் திரும்பி வந்தது. பாதியில் விட்டுப் போனால் என்ன கேட்பான்? ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைக் காட்டச் சொன்னேன். முன்கூட்டியே முடித்துக்கொண்டால் கணிசமான கட்டணம் வரலாம், அது பல ஆயிரம் டாலராகவும் இருக்கலாம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்களோ அவ்வளவு அதிகமாக இருக்கும் என்று அதில் இருந்தது. இந்த எச்சரிக்கையை அச்சிட்டே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதிதான். ஹெச்-1பி விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். சொந்தக் காரை 60 நாளில் விற்றுவிடலாம், பழைய கார் என்றால் ஒரே நாளில் விற்கலாம். லீஸ் காரை விற்க நாம் யார்? வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்கச் சில நிறுவனங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. தற்காலிக மனிதனுக்கென்று நினைத்த ஏற்பாடு, நிச்சயமாக அத்தனை மாதமும் இருக்கப்போகிறவனுக்குத்தான் மலிவானது. நண்பரும் நானும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம்.

24 மாதக் கணக்கைப் போடச் சொன்னேன். எஞ்சும் மதிப்பு 66 விழுக்காடு, 21,120 டாலர். புதுக் கார் தொடக்கத்தில்தான் வேகமாகத் தேயும், ஆகவே மாதத் தவணை 472 டாலர். மாதம் 74 டாலர் அதிகம். இணையத்தில் லீஸ் பேரம் பற்றி எழுதும் எவரும் இதை நல்ல பேரம் என்று சொல்ல மாட்டார்கள். மனைவி, "போடுங்க, ராத்திரி தூக்கம் வரும்" என்றாள். கையெழுத்திட்டேன்.

யோசனை சொன்ன நண்பருக்கு 2024 இறுதியில் வேலை போயிற்று. அவருடைய 36 மாத லீசில் பதினான்கு மாதம்தான் முடிந்திருந்தது. டீலர் காருக்குச் சொன்ன விலை, கணக்கை முடிக்கக் கட்ட வேண்டிய தொகையைவிட 4,000 டாலர் குறைவு. பெயர் மாற்றத்துக்கு அவருடைய நிறுவனம் இடம் தரவில்லை. வேலை தேடும் பதற்றத்துக்கு நடுவே ஒவ்வொரு மாலையும் காரின் கணக்கோடு உட்கார்ந்திருப்பார். 51-ஆம் நாள் டெக்ஸஸில் வேலை கிடைத்தது. மனைவி மக்களை விமானத்தில் அனுப்பிவிட்டு, மைல் வரம்பை எண்ணியபடி தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது தாத்தாவின் குத்தகையைவிடக் கருணையுள்ளது. ஒப்பந்தக் காலம் முழுவதும் இருந்துவிட்டால், கார் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக மதிப்பிழந்திருந்தாலும் அந்த நட்டம் நிதி நிறுவனத்துடையது. மதிப்பு கூடியிருந்தால், எழுதிய விலைக்கே நாம் வாங்கிக்கொள்ளலாம். 2021, 2022-இல் லீஸ் முடிந்த பலர் அப்படி வாங்கி, சந்தை விலைக்கு விற்று லாபம் பார்த்தார்கள். அதேபோல் மின்சாரக் கார்களை லீசுக்கு எடுத்தவர்களுக்கு, 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7,500 டாலர் வரிச் சலுகையை நிதி நிறுவனங்கள் பல நேரங்களில் கழித்துக் கொடுத்தன. 2025 செப்டம்பர் 30-உடன் அதுவும் முடிந்தது. நல்ல பேரங்களில் பாதி, பேரம் பேசுபவரின் சாமர்த்தியத்தால் வருவதில்லை, காலத்தால் வருகிறது.

எங்கள் லீசும் அதே செப்டம்பரில்தான் முடிந்தது. சோதிக்க வந்தவர் ஒரு சிறிய அட்டையைக் கீறல்கள்மேல் வைத்து அளந்தார். அட்டைக்குள் அடங்கினால் தேய்மானம், மீறினால் சேதம். எல்லாம் அடங்கின. பின்னிருக்கையில் மகள் ஒட்டிய நட்சத்திரம் ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மீட்டரில் 21,340 மைல். ஓட்டாத 2,660 மைலுக்குக் காசு திரும்ப வராது. சந்தையில் கார் ஏறத்தாழ 20,000-க்குத்தான் போகும் என்றார்கள். எழுதிய மதிப்பைவிடக் குறைவு, ஆகவே சாவியைக் கொடுத்துவிட்டோம். இரண்டு ஆண்டுகளில் தவணைகள் மட்டும் 11,300 டாலருக்கு மேல். கையில் ஒரு ரசீது.

அதற்கு முந்தைய வாரம் விசா நீட்டிப்பு வந்திருந்தது. இன்னொரு மூன்று ஆண்டுகள். இந்த முறை லீஸ் எடுக்கவில்லை. யாரோ ஒருவர் 36 மாதம் ஓட்டித் திருப்பிக் கொடுத்த கார் ஒன்றை வாங்கினோம். வேகமாகத் தேயும் காலத்துக்கு அவர் அளந்துவிட்டார். கிளம்ப நேர்ந்தால் 60 நாளில் விற்றுவிடலாம்.

அன்றிரவு அப்பாவை அழைத்தேன். அவருக்கு இப்போது எண்பது. காது சற்று மந்தம். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"பாக்கி எதுவும் இல்லையே? அளந்தாச்சுல்ல?"

"அளந்தாச்சுப்பா."

"சரி" என்றார். பிறகு, வழக்கம்போல, எப்போது ஊருக்கு வருகிறாய் என்று கேட்டார்.