முகமூடியும் மூச்சும்

வேடம் புனைய வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்கு எழுத்தறிவினும் மூத்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் மரக்காலாடலும் ஒன்று. கொற்றவை மரக்கால் கொண்டு ஆடிய கூத்து அது. கூத்தைப் போற்றினோம், கூத்தியைப் போற்றினோம். அந்தக் காலுக்கு மரம் தேர்ந்த தச்சனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் தேர்வு பிழைத்திருந்தால் ஆடியவள் விழுந்திருப்பாள்.

செராஸ் வட்டாரத்தில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில் ஆண்டுதோறும் மாணவர் நாடகம் அரங்கேறும். நாடகம் எழுதுவோர் உண்டு; வசனம் பயிற்றுவோர் உண்டு. மகுடமும் வாளும் முகமூடியும் எதனால் செய்வது என்ற வினாவோ, விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் எழும். கையில் கிடைத்ததைக் கொண்டு செய்துவிடுவோம். அவ்வாறு செய்து பிழைபட்டவர்களுள் நானும் ஒருவன். ஆகவே என் பிழையைச் சொல்லிவிட்டே மேலே செல்வது முறையாகும்.

அது 1994ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சியை முடித்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பணியேற்றிருந்தேன். சிங்கமும் முயலும் கதையை நாடகமாக்கினோம். சிங்க வேடத்துக்கு நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தேர்ந்தேன். வகுப்பில் வாய் திறவாத பையன் அவன். முகத்தை மறைத்தால் நாவின் கூச்சம் தீரும் என்பது பயிற்சிக் காலத்தில் நான் கேட்ட பாடம். அது பொய்யன்று. வெறும் அட்டையை முகத்தில் கட்டி ஒத்திகை பார்த்த முதல் நாளே அவன் கர்ச்சித்தான். வகுப்பே வியந்து கைதட்டியது.

அட்டையோடு நான் நின்றிருக்கலாம். விழாவுக்கு அழகிய முகமூடி வேண்டும் என்ற ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். களிமண் உருவத்தின்மேல் ரப்பர்ப் பாலைப் பூசி, காய்ந்தபின் உரித்தெடுத்து விளையாடியவர்கள் நாங்கள். அந்த நினைவில் களிமண்ணால் சிங்க முகம் வனைந்தேன். துணியும் பாலும் மாற்றி மாற்றிப் பூசித் தலை முழுவதையும் மூடும் முகமூடி ஒன்றைச் செய்தேன். பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலந்திருந்தது. மேலே எனாமல் வண்ணம் தீட்டினேன். கண்ணுக்கு இரண்டு துளை. மூக்குக்கு இரண்டு சிறு துளை. வாயோ வண்ணத்தால் வரைந்த வாய். கண்டவர் அனைவரும் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

ரப்பர் காற்றை உள்ளே விடாது; வியர்வையை உறிஞ்சாது; வெப்பம் ஏறினால் பிசுபிசுக்கும். இவற்றையெல்லாம் அறிந்த மண்ணில் பிறந்தவன் நான். ஆயினும் நினைத்துப் பார்க்கவில்லை. விழா மேடையில் மூன்றாம் வசனத்திலேயே அவன் குரல் முகமூடிக்குள் அடங்கிற்று. மூச்சுத் திணறி, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேடையிலேயே வாந்தி எடுத்தான். கூட்டம் சிரித்தது. அதன்பின் நான் அப்பள்ளியில் இருந்த இரண்டு ஆண்டுகளும் அவன் மேடைப் பக்கம் வரவில்லை. வகுப்பில் பழையபடி ஊமையானான்.

ஆண்டுகள் பல உருண்டன. சென்ற ஆண்டு எங்கள் பள்ளி நாடகத்துக்கு ஆசிரியர்கள் அதே கதையைத் தேர்ந்தனர். சிங்கமாக நடிக்க நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பெயர் கொடுத்தாள். மறுநாள் அவளுடைய தந்தை என் அறைக்கு வந்தார். லாரி ஓட்டுநர், தோட்டம் விற்கப்பட்டபின் செராசில் அடுக்குமாடி வீட்டில் குடியேறியவர். முகத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டேன்.

“மகள் எந்த வேடம் வேண்டுமானாலும் போடட்டும், சார். முகமூடி மட்டும் வேண்டாம்” என்றார்.

நான் தலை குனிந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, “அந்த ரப்பர் வாசனை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது, சார்” என்றார். சினம் சிறிதும் இல்லாத சிரிப்பு அது. அதனாலேயே அது என்னை மிகவும் சுட்டது.

“இரண்டு வாரம் தவணை கொடுங்கள். முகமூடியைச் செய்து முதலில் உங்களிடம் காட்டுகிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த இரண்டு வாரங்களில்தான் பொருள் தேர்வைப் பற்றி முறையாக எண்ணினேன். நம் முன்னோரின் வழக்கம் எனக்கு வழி காட்டியது. தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் வேந்தர் வேடம் பூணுவோர் அணியும் மகுடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டுவர். விடியும்வரை ஆட வேண்டியவனுக்குக் கனமான மகுடம் தண்டனையாகிவிடும் அன்றோ? பார்ப்பவர் கண்ணுக்குப் பொன். சுமப்பவன் கழுத்துக்குப் பஞ்சு. இதுவே அவர்கள் கண்ட நுட்பம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சிலாங்கூரின் கேரித் தீவில் வாழும் மாமெரி பழங்குடியினர் மரத்தால் முகமூடி செதுக்குவதில் பெயர் பெற்றவர்கள். கடலோரச் சதுப்பு நிலத்தில் வளரும் நீரே பாத்து என்னும் செம்மரம் கனமானது, சிற்பத்துக்கு ஏற்றது. அணிந்து ஆடுவதற்கோ புலாய் என்னும் இலேசான மரத்தை நாடுவர். புலாய் நம் ஏழிலைப்பாலையின் இனம். அம்மரத்தின் பலகை ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவரின் எழுதுபலகையாகப் பயன்பட்டது. அதனால்தான் தாவர நூலார் ஏழிலைப்பாலைக்குப் பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கோலாரிஸ்’ என்னும் பெயரைச் சூட்டினர். எழுதவும் ஆடவும் குழந்தையின் கைக்கும் முகத்துக்கும் சுமையாகாத மரம்! ஆசிரியனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறு எங்குக் கிடைக்கும்?

ஆகவே, ‘இப்பொருளால் என்ன உருவம் செய்யலாம்?’ என்பது முதல் வினா ஆகாது. ‘இதற்குள் ஒரு குழந்தை இருபது நிமிடம் மூச்சு விட்டுப் பேச முடியுமா?’ என்பதே முதல் வினா. இவ்வினாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொருளையும் சோதித்தேன்.

வெண்சாந்துப் பொடி மலிவானது, விரைவில் இறுகும். ஆனால் நீருடன் கலந்து இறுகும்போது அது கடுஞ்சூடு கக்கும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, கையின் அச்செடுப்பதற்காகச் சாந்துக் குழம்பில் கைகளைப் புதைத்து, வெந்து, விரல்களையே இழந்தாள். குழந்தையின் முகத்திலோ கையிலோ நேரடியாகச் சாந்து பூசி அச்செடுப்பது ஒருபோதும் கூடாது.

பாலிஸ்டைரீன் மிக இலேசு. ஆனால் தெளிப்பு வண்ணம் பட்டால் பல வேளைகளில் கரைந்து குழி விழும். செதுக்கும்போது பொடி பறக்கும். தீப்பட்டால் கரும்புகை எழும். தெர்மாகோல் மகுடம் அணிந்த பிள்ளையைக் குத்துவிளக்கின் அருகே நிறுத்துவதை இன்றும் சில விழாக்களில் காண்கிறேன். என் நெஞ்சு நடுங்குகிறது.

எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் மற்றொரு பொருளை அறிமுகப்படுத்தினார். ஜப்பானியச் சித்திரக் கதைகளின் மாந்தரைப் போல வேடம் புனையும் கலை இப்போது இளைஞரிடையே பரவியுள்ளது. அதனைக் காஸ்ப்ளே என்பர். 2002இல் தொடங்கிய காமிக் ஃபியெஸ்டா விழாவுக்கு அவரும் கவசம் பூண்டு செல்பவர்.

“செருப்புக்கும் குழந்தைகளின் விளையாட்டுப் பாய்க்கும் பயன்படுகிற ஈ.வி.ஏ. நுரைப்பலகைதான், ஐயா. சுடுகாற்றுக் காட்டினால் வளையும், ஆறினால் அப்படியே நிற்கும்” என்றார்.

அவர் வளைத்த ஐந்து மில்லிமீட்டர்ப் பலகை சிறிது நேரத்தில் ஒரு வீரனின் தோட்கவசமாயிற்று. இளையோரின் பொழுதுபோக்கு என்று நான் ஒதுக்கியிருந்த ஒன்றில் நம் கூத்துக் கலைஞரின் அதே நுட்பம் இருப்பதைக் கண்டேன். நாடகத்துக்கு வேண்டிய வாள், கேடயம், கவசம் யாவற்றையும் அதிலேயே செய்வதென முடிவு செய்தோம். முனை மழுங்கிய நுரை வாள் எவர் கண்ணையும் குத்தாது. ஆயினும் அதை ஒட்டும் பசையின் ஆவி நன்றன்று. ஒட்டும் வேலையையும் சுடுகாற்று வேலையையும் பெரியவர்களே, காற்றோட்டமான வெளியில் செய்ய வேண்டும். முகத்தோடு ஒட்டியிருக்கும் முகமூடிக்கு அதனை நான் ஏற்கவில்லை.

எஞ்சியது காகிதம். என் தாயார் பழைய தாள்களைக் கிழித்து நீரில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, அந்தக் கூழை முறத்திலும் கூடையிலும் பூசுவார். ஓட்டை அடைபடும், பூச்சி எளிதில் அணுகாது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் காகிதக் கூழின் குழந்தைதான். வீட்டில் என் தந்தையார் சேர்த்து வைத்திருந்த தமிழ் நேசன் இதழ்கள் ஓர் அடுக்கு உண்டு. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன நாளிதழ் அது. கரையான் அரித்த இதழ்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டேன்.

ஊதிய பலூன்மேல் முதலில் அச்சில்லாத வெள்ளைத்தாள். வியர்வையில் மை கரைந்து முகத்தில் ஒட்டக்கூடாது அன்றோ? அதன்மேல் மரவள்ளி மாப்பசையால் நாளிதழ்த் துண்டுகள் மூன்று அடுக்கு. மூக்குக்கும் புருவத்துக்கும் வெந்தயக் கூழ். இறுதியில் மீண்டும் வெள்ளைத்தாள். பசையில் பூச்சி வராதிருக்கப் புத்தகம் கட்டுவோர் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு, அது நஞ்சு. முகமூடிக்கு ஆகாது. மாலைதோறும் மழை பெய்யும் நம் வட்டாரத்தில் ஈரம் எளிதில் போகாது. அவசரப்பட்டு அடுத்த அடுக்கை ஒட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வோர் அடுக்கையும் விசிறிக் காற்றில் முற்றும் உலரவைத்தே அடுத்ததை ஒட்டினோம். நாள் பல ஆயின.

வடிவத்தையும் மாற்றினேன். மேலுதட்டுக்கு மேலே முடியும் அரைமுகமூடி, மூக்கின் கீழ்ப்புறம் முழுவதும் திறப்பு, அகன்ற கண்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். முழு முகமூடிக்கு ஒன்றுதான் உண்டு. அரைமுகமூடியிலோ வெகுளியை மூடி காட்டும்; ஏனைய ஏழையும் குழந்தையின் வாயும் குரலும் காட்டும். மழுங்காத குரலே நாடகத்தின் உயிர்.

முடிந்ததும் நானே அதை அணிந்து, கதவைச் சாத்திக்கொண்டு, நாடகம் முழுவதையும் உரக்கப் படித்தேன். எழுத்தர் அம்மையார் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்றார்.

குறித்த நாளில் தந்தையார் வந்தார். முகமூடியை வாங்கினார். முகத்தில் வைப்பதற்கு முன் சிறிது நேரம் தயங்கினார். பின்னர் அணிந்தார். அவருக்கு அது சிறியது; ஆயினும் பொருந்திற்று. நீண்ட மூச்சொன்று இழுத்தார். கழற்றி, உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“வெந்தய வாசனை, சார். பாட்டி வீட்டு முறத்தில் இப்படித்தான் வரும்” என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. மகளின் பெயர் பட்டியலில் நின்றது. விழாவன்று அவள் கர்ச்சித்த குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. அவ்வரிசையில்தான் அவர் அமர்ந்திருந்தார்.

அந்தச் சிறுவனிடமிருந்து நான் பறித்த குரலைத் திருப்பித் தந்துவிட்டேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. மகளுக்குக் கிடைத்தது தந்தைக்குக் கிடைத்ததாகாது. நாளைய ஆசிரியர்களாகிய மாணவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பிள்ளைகளுக்காக நாம் செய்யும் எந்தப் பொருளையும் மேடைக்கு எதிரே நின்று மட்டும் பார்க்காதீர்கள். ஒருமுறையேனும் அதை நீங்களே அணிந்து, உள்ளிருந்து பாருங்கள்.