பாசிக்கு உணவிடும் கைகள்

குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர், தலைவியின் பசலைக்கு ஊர்க்கேணிப் பாசியை உவமை கூறுகிறார். கை பட்டால் விலகும். கை அகன்றால் வந்து மூடிக்கொள்ளும். காஞ்சிக் குளக்கரைகளில் வாழும் நாங்கள் அந்த இயல்பை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும், பாசி ஏன் மீண்டும் வருகிறது என்ற கேள்விக்கு எங்களுக்கு விடை தந்தது குளம் அன்று. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தம்பி மகன் வளர்க்கும் ஒரு கண்ணாடித் தொட்டி.

கடற்கரைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், தறியோசை கேட்கும் அறையில், கடல் மீன்கள்! இருநூறு லிட்டர் உப்புநீர், இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், கொஞ்சம் பாறை. ஆறாம் மாதத்தில் பாறையெங்கும் பச்சை மயிர்ப்பாசி படர்ந்தது. ஞாயிறுதோறும் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தெடுப்பான், வியாழனுக்குள் முளைத்துவிடும். பாசிக்கொல்லி மருந்தொன்றை வாங்கிவரச் சிலர் சொன்னார்கள். அதில் இருந்தது செம்புச் சத்து. மயில்துத்தத்தின் இனம் அது. பாசியோடு நத்தைகளையும் பாறையில் ஒண்டியிருக்கும் சிற்றுயிர்களையும் சேர்த்தே கொல்லும். மேலும், செத்த பாசி அழுகும்போது தான் தின்ற சத்தையெல்லாம் நீரிலேயே கக்கிவிடும். அடுத்த பாசிக்கு அதுவே விருந்து.

பிள்ளை மருந்தை வாங்கவில்லை. சோதனைத் துளிகள் வாங்கி வந்து, தொட்டி நீரை விட்டுவிட்டு வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்தான். நைட்ரேட் காட்டியது. தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்தவை ஆவியாவதில்லை. குறைந்த அளவைக் கிணற்று நீரால் ஈடுகட்டும்போதெல்லாம் அதிலிருந்த நைட்ரேட்டும் தங்கித் தங்கிச் சேர்ந்திருக்கிறது. இதனுடன் வேளைதோறும் தூவிய மீனுணவின் மிச்சம் வேறு. சவ்வு வழியே வடித்த நீருக்கு மாறினான். உணவைப் பாதியாகக் குறைத்தான். வாரந்தோறும் நீரில் ஒரு பங்கை மாற்றினான். பாசி உடனே மறையவில்லை. பாறையில் ஊறியிருந்த பாஸ்பேட் மெல்லக் கசிந்துகொண்டே இருந்ததால், ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் டேவிட் ஷிண்ட்லர். 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியின் குறுக்கே திரை கட்டி அதை இரண்டாக்கினார். இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார். ஒருபுறத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார். அந்தப் புறம் மட்டுமே பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த அப்படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை. ஒரு கிராம் பாஸ்பரஸ், உலர்ந்த எடையில் நூறு கிராம் அளவுக்குப் பாசியை வளர்க்க வல்லது.

இனி எங்கள் குளங்களுக்கு வருவோம். வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் வைக்கப்பட்டிருக்கும் அத்திவரதர் சிலையை 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுக்கிறார்கள். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அது நிகழ்ந்தது. அதற்காகக் குளத்து நீரை இறைத்தபோது, மீன்களைப் பொற்றாமரைக் குளத்துக்கு மாற்றினர். சிலையைத் திரும்ப வைக்கும் வேளையில் குளத்து நீரின் தரம் பற்றிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனை கோரப்பட்டது. மரச்சிலை ஒன்று 2059 வரை கிடக்க வேண்டிய நீர் அல்லவா? மதம் எதுவாயினும், நாற்பதாண்டுக் கணக்கில் நீரைப் பற்றி நினைக்கும் வாய்ப்பு வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மற்ற குளங்களுக்கு அந்தப் பேறு இல்லை. படித்துறையில் சவர்க்காரம் தேய்க்கிறோம்; மீனுக்குப் பொரி வீசுகிறோம். பொரி வீசும் கை அன்பின் கைதான், ஐயமில்லை. தின்னாத பொரி அடியில் மக்கி, பாசிக்கே போய்ச் சேருகிறது. பகலில் பாசி உயிர்வளி தருகிறது. இரவிலோ மீனோடு போட்டியிட்டு அதையே உறிஞ்சுகிறது. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பதைக் காண்பவர், பசியென்று எண்ணி இன்னும் ஒரு கைப்பிடி வீசுகிறார். மூச்சு முட்டும் உயிருக்கு விருந்து!

எங்கள் தொழிலும் இதற்கு அயலானதன்று. கச்சாப் பட்டின் எடையில் கால்பங்கு அளவுக்கு அதன் மேற்பசை. சாயம் ஏறுவதற்குமுன் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்க வைத்து அதைக் கரைக்க வேண்டும். அப்போதுதான் நூல் பளபளக்கும். அந்தப் பசை ஒரு புரதம், புரதமெனில் நைட்ரஜன். சாயநீர் தெருவில் ஓடினால் சிவப்பென்றும் நீலமென்றும் ஊர் பார்த்துக் குறை சொல்லும். பசை நீக்கிய நீர் வெறும் கழுநீர் போலவே தெரிவதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் அது கொப்பரையிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து வேகவதிக்குமாக, மங்கிய பால்நிறத்தில், சூடு ஆறுமுன்னே போய்க்கொண்டிருக்கிறது.