32 ஸ்டேஜும் நடந்தே

2023 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன், டெட்ரிஸ் விளையாட்டை அது ஓட முடியாமல் நின்றுபோகும் வரை ஆடினான். நின்டெண்டோ பெட்டிக்காக 1989-இல் வந்த டெட்ரிஸ் அது. 29-ஆவது லெவலில் கட்டைகள் விழும் வேகம் இரட்டிப்பாகிவிடும். பட்டனை அழுத்திப் பிடித்தால், கட்டை ஓரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே கீழே விழுந்துவிடும். அதற்கு மேல் மனிதக் கைக்கு வேலையில்லை என்றே பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். பிறகு சிலர் கட்டைவிரலை நடுங்கவைத்துப் பட்டனைத் தட்டப் பழகினார்கள். அடுத்து வந்தவர்கள் பட்டன்மேல் விரலைச் சும்மா வைத்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் ஜாய்ஸ்டிக்கின் முதுகில் தபேலா வாசிப்பதுபோல வரிசையாகத் தட்டினார்கள். கிப்சன் இந்த முறையில் ஏறத்தாழ 38 நிமிடம் ஆடி 157-ஆவது லெவலை எட்டினான். திரை உறைந்து நின்றது. அந்த விளையாட்டை அந்த எல்லைக்குக் கொண்டுபோன முதல் மனிதன் அவன்தான். விரல்களில் உணர்வே இல்லை என்று மூச்சு வாங்கச் சொல்கிறான், வீடியோவில் கேட்கலாம். அவனுடைய அப்பா இறந்ததும் அதே மாதம்தான். வெற்றியை அவருக்குக் காணிக்கையாக்கினான்.

இந்தச் செய்தியைப் படித்த ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி செய்தி வாசிப்பாளர், ஒரு தாயாகத் தான் சொல்வதென்றால், அந்தப் பையன் வெளியே போய் நல்ல காற்று வாங்கட்டும், டெட்ரிஸை ஜெயிப்பதெல்லாம் ஒரு வாழ்க்கை லட்சியமா என்ற தொனியில் பேசினார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நம் குகேஷ் 12 வயதில் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, தம்பி, போய்க் காற்று வாங்கு என்று யாராவது சொன்னோமா? பலகையில் காய் நகர்த்தினால் மூளை, திரையில் கட்டை நகர்த்தினால் வெட்டிப்பொழுது என்று நாம் பிரித்து வைத்திருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் மனதாரப் பெருமைப்படும் காரியங்களில் ஒன்று, தொண்ணூறுகளில் ஒரு முழுப்பரீட்சை லீவில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து சூப்பர் மரியோவை 32 ஸ்டேஜும் விடாமல் ஆடி முடித்தது. பட்டம் வாங்கினேன், வேலையில் உயர்வு பெற்றேன். அதிலெல்லாம் அப்பாவுக்கும் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. இது முழுக்க என் கைகள் சம்பாதித்தது.

அந்தக் காலத்தில் டிவி கேம் வைத்திருந்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். நின்டெண்டோவின் நகலாக வந்த பெட்டி அது. மஞ்சள் கேசட்டின் மேல் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையே திரும்பத் திரும்ப வரும். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருகுவோம். ஆட்டத்தை நடுவில் சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் போனால் மறுபடி முதல் ஸ்டேஜ்தான். மரியோவில் உள்ள உலகங்கள் 8, உலகத்துக்கு 4 ஸ்டேஜ். மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது என்று பிற்பாடு படித்தபோது அசந்துபோனேன். இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் ஒருவர் மரியோ, இன்னொருவர் அவன் தம்பி லூயிஜி. மரியோ செத்தால்தான் லூயிஜிக்கு ஆட்டம் வரும். எங்கள் வீட்டில் அண்ணன்தான் என்றைக்கும் மரியோ. அவன் நன்றாக ஆடுவான் என்பதால் என் முறை வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எந்த ஆமை எந்தப் படியில் இறங்கி வரும், எந்தக் கல்லை முட்டினால் காளான் வரும் என்பதெல்லாம் கை பழகும் முன்பே எனக்குக் கண்ணில் பழகிவிட்டது.

அண்ணன் விளையாட்டை முடித்துக் காட்டினான், தெருவே வந்து பார்த்தது. ஆனால் அவன் போன வழி குறுக்கு வழி. 1-2 ஸ்டேஜில் கூரைமேல் ஏறி ஓடினால் கடைசியில் ரகசியக் குழாய்கள் இருக்கும், ஒன்றில் இறங்கினால் நேரே 4-ஆவது உலகம். 4-2-இலிருந்து இன்னொரு குழாயில் 8-ஆவது உலகம். ஆக 32-இல் 8 ஸ்டேஜ் ஆடினாலே இளவரசியை மீட்டுவிடலாம். உலகச் சாதனைக்காரர்கள் 5 நிமிடத்துக்குள் முடிப்பதும் இந்தக் குழாய்கள் வழியாகத்தான். அது வேறொரு கலை, அதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் குழாய் இல்லாமல் முடிப்பதைத் தனிப் பிரிவாகவே அவர்களும் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, அண்ணனிடம் அன்று நான் போட்ட சண்டை நியாயம்தான் என்று தோன்றியது.

"பைப்புல போனா முடிச்சதா ஆகுமாண்ணே? 24 ஸ்டேஜ நீ பாக்கவே இல்லியே."

"ஏளா, அப்போ நீ நடந்தே போயி முடி, பாப்போம்."

சாயங்காலம் அவன் கிரிக்கெட் ஆட வ.உ.சி. மைதானத்துக்குப் போன பிறகுதான் பெட்டி என் கைக்கு வரும். அவன் பார்க்காத ஸ்டேஜ்களுக்கு வழி சொல்ல எங்கள் தெருவில் ஆளே கிடையாது. 4-4 கோட்டையும் 7-4 கோட்டையும் சுற்றுவழிகள். எங்கே மேல் தளம், எங்கே கீழ்த் தளம் என்று சரியாகப் பிடிக்காவிட்டால் அதே இடம் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் படம் போட்டு, தப்பான பாதைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கணக்குப் பாடத்தில்கூட அவ்வளவு ஒழுங்காக நான் எழுதியதில்லை. இடது கட்டைவிரலில் தோல் தடித்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவு என்றாள், அவ்வளவுதான்.

ஆள் பார்க்காத நேர்மையை நான் முதன்முதலில் கண்டது அந்தத் திரையில்தான். வீட்டில் அண்ணனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுக்கு ஒன்று, கடைசி பெஞ்சுக்கு ஒன்று. பள்ளத்துக்கு முன்னால் அப்படியில்லை. சரியான இடத்தில் குதித்தால் அக்கரை, இல்லாவிட்டால் சாவு. ஆடுகிறவள் பெண்ணா, சின்னவளா, யார் வீட்டுப் பிள்ளை என்று அது கேட்பதில்லை. கிப்சனின் அந்த 38 நிமிடத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்ததும் இதனால்தான். அவன் வயதுக்காகக் கட்டைகள் ஒரு நொடியும் மெதுவாக விழவில்லை.

8-ஆவது உலகத்தில் எந்த ஸ்டேஜிலும் பாதி வழியில் செத்தால் பாதியிலிருந்து தொடங்க விடமாட்டார்கள், மறுபடி தலையிலிருந்துதான். 8-1 நீளமான மைதானம், நேரமோ குறைவு. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரே ஒரு கல் அகலத்துக்குத் தரை இருக்கும். அதில் இறங்கி நின்றுவிட்டால் அடுத்த பள்ளத்தைத் தாண்ட வேகம் கிடைக்காது. ஓட்டத்தை விடாமல் வந்து, கால் பட்டதும் படாததுமாக மறுபடி எழும்ப வேண்டும். பி பட்டனைக் கட்டைவிரலின் நடுப்பாகத்தால் அமுக்கிக்கொண்டே, அதே விரலின் அடிப்பக்கத்தைச் சாய்த்து ஏ பட்டனைத் தட்டுவேன். கண் பார்த்து மூளை சொல்லிக் கை செய்தால் பிந்திவிடும், கை தானாகச் செய்ய வேண்டும். அது கைக்கு வந்த சாயங்காலம், உடம்புக்குள் புதிதாக ஒன்று முளைத்த மாதிரி இருந்தது. சைக்கிள் பழகியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

8-3-இல் சுத்தியல் எறியும் ஆமைகள் ஜோடி ஜோடியாக நிற்கும். மற்ற எல்லாம் மனப்பாடம் செய்யலாம், இவற்றைச் செய்ய முடியாது. எப்போது குதிக்கும், எப்போது எறியும் என்று சொல்ல முடியாததால் மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் புகுந்து ஓடினேன்.

கடைசிக் கோட்டைக்குப் போனபோது மணி ஆறு இருக்கும். ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"கரண்டு போயிராம இருக்கணுமே," என்றேன்.

"போகாது, நீ ஆடு."

சரியான குழாய், அந்தரத்துக் குழாயை எட்ட உதவும் கண்ணுக்குத் தெரியாத கல், தண்ணீருக்குள் சுழலும் நெருப்பு, மறுபடி ஒரு சுத்தியல் ஆமை, அதன் பிறகு டிராகன். அது நெருப்பும் சுத்தியலும் சேர்த்து எறியும். அது குதித்த நேரம் பார்த்து அடியில் புகுந்து கோடரியைத் தொட்டேன். பாலம் உடைந்து டிராகன் விழுந்தது.

இளவரசி வந்தாள். பி பட்டனை அழுத்தச் சொல்லி எழுத்து வந்தது. நான் அழுத்தவில்லை, ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டேன். திரையின் இடது மூலையில் என் பாயிண்ட் நின்றது, 8 ஸ்டேஜ் ஆடி யாரும் எடுக்க முடியாத பாயிண்ட். அண்ணன் மட்டையோடு உள்ளே வந்தான். முதலில் இளவரசியைப் பார்த்தான், சிரித்தான், பைப்புல போனியா என்று கேட்க வாயெடுத்தான். பிறகு அந்த மூலையைப் பார்த்தான். கிட்டே வந்து குனிந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தான்.

"7-4-ல வழி எப்படி?" என்று கேட்டான்.

ரஃப் நோட்டை எடுத்துக் காட்டினேன். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து முழுதும் பார்த்தான். அந்த லீவு முடியும்வரை அவன்தான் லூயிஜி.