மூக்குக்குப் பட்டா

25 டிசம்பர் 2024, புதன்

கிறிஸ்துமஸ் லீவுக்கு அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். "மாமா, நான் இப்போ லிபர்டேரியன்" என்றான். அரசாங்கம் போலீஸ், கோர்ட்டோடு நின்றுகொள்ள வேண்டுமாம். மற்றதை ஜனங்களே பேசி முடித்துக்கொள்வார்களாம். எனக்கு இது புதிதில்லை. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்று திட்டியதில் பாதி இதுதான். அப்பா ஒரே ஒரு தடவை அந்தக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில் குத்தினாராம், ரேஷன் கடைக்காரன் மேலிருந்த கடுப்பில்.

பாதி தூரம் நானும் அவனோடு வருவேன். சர்க்கார் தொட்டதெல்லாம் நல்லது என்று எண்ணூர்க்காரன் எவனும் சொல்லமாட்டான். கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கும் சாம்பல் அரசு அனல் மின் நிலையத்துடையது. பசுமைத் தீர்ப்பாயமே 2022-ல் சொல்லிவிட்டது.

26, வியாழன்

சுனாமி வந்து 20 வருஷம். கடலில் பால் ஊற்றினார்கள். எனக்கோ போன வருஷத்து இதே ராத்திரிதான் ஞாபகம். பன்னிரண்டு மணி இருக்கும். கண் எரிச்சல், தொண்டை அடைப்பு. கடலுக்கடியில் போகும் ஒரு கம்பெனிக் குழாயிலிருந்து அமோனியா. ஈரத்துணியால் மூக்கைப் பொத்தி அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன். கதவைக்கூடப் பூட்டவில்லை.

"அன்னிக்கு ராத்திரி நான் யாரோட பேசி முடிச்சிருக்கணும்?" என்று கேட்டேன்.

"கேஸ் போடலாம் மாமா. சொத்துரிமை கெட்டியா இருந்தா கம்பெனி பயப்படும்."

வீட்டுக்குப் பட்டா இருக்கிறது. மூக்குக்கு? வாய்தாவுக்கு ஒரு நாள் போனால் எனக்குச் சம்பளம் போச்சு. அவர்களுக்கு வக்கீலே சம்பளத்துக்கு இருக்கிறார். குழாய் ஓட்டையாகும் முன்பே போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவர் வந்தால் கம்பெனி கேட்டைத் திறந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் எனக்கு வேண்டும். அவனும் நானும் பிரிகிற இடம் அதுதான்.

28, சனி

முகத்துவாரம் வரை நடந்தோம். "ஆத்துக்கு ஒரு ஓனர் இருந்தா சாம்பல் கலக்க விட்டிருப்பானா?" என்றான். நல்ல கேள்வி. ஆனால் விலை படிந்தால் அந்த ஓனரே விட்டுவிடுவானே.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று மீனவர்களே சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். ஏரி எவர் பேரிலும் பத்திரமாகவில்லை. சர்க்கார் சொல்லி அவர்கள் இதைச் செய்யவில்லை. இப்படிப் பொதுவில் கிடப்பதை ஊரே கூடி ஆள்வதை ஆராய்ந்துதான் எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். என் கட்சியும் ஏறக்குறைய அதுதான். ஓட்டை தெரியாமலில்லை: பாடு உரிமை பரம்பரை ஆண்களுக்குத்தான். பெண் வந்து கேட்டாலோ வேறு சாதி கேட்டாலோ தகராறு. அப்போது சட்டத்தைத்தானே கூப்பிட வேண்டியிருக்கிறது.

இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு இருளர் அம்மா, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கைவிட்டு இறால் துழாவிக்கொண்டிருந்தார். படகில்லை, வலையில்லை. மருமகன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அரைக் கிலோ சொல்லிவைத்தேன். தண்ணி வத்தினால் நாளைக்குத் தருவதாகச் சொன்னார்.