ஹாலே குறிப்புகள் – 2: ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாத புத்தகம்

ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவனத்தின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், முகப்பின் உச்சியில் இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கின்றன. கீழே, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்ற ஏசாயா 40:31. இந்த வசனத்தை வைத்துத் திருநெல்வேலியில் பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறேன். களைத்துப்போன ஆளாக அதைப் பார்ப்பது இப்போதுதான். லெந்து கூட்டங்கள், பரிசுத்த வாரம், ஈஸ்டர், நடுவே கல்யாணங்கள், அடக்க ஆராதனைகள், கமிட்டிப் பஞ்சாயத்துகள் எல்லாம் முடித்துவிட்டு, பேராயர் கொடுத்த படிப்பு விடுப்பில் வந்திருக்கிறேன்.

இந்த வளாகத்தைத் தொடங்கிய பிராங்கேயும் ஒரு சபைப் போதகர்தான். ஹாலேக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற ஏழை ஊரின் குருவானவர். 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்தக் கட்டடங்களில் இன்றும் பள்ளிகள் நடக்கின்றன. 1728இல் முடிந்த நூலகத்தில் அலமாரிகள் நாடக மேடையின் பக்கத்திரைகளைப் போல இரு மருங்கும் வரிசையாக நிற்கின்றன.

ஆவணக்காப்பகத்தில் பையை வெளியே வைத்துவிட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். தரங்கம்பாடியிலிருந்து வந்த ஓலைச்சுவடிகள் இங்கே இருக்கின்றன. புள்ளி வைக்காத எழுத்து, சொல் பிரிக்காத வரி. ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் காலை நேரம் கரைந்துவிடுகிறது. வேகமாகப் படித்துக் குறிப்பெடுத்தே பழகிய எனக்கு இந்த நிதானம் முதலில் உறுத்தியது, பிறகு பிடித்துப்போனது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் இப்படித்தான் எழுத்துக்கூட்டினார். வாத்தியாரையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். வேத மொழிபெயர்ப்பு வேலைக்கு நடுவே தமிழ் நூல்களைச் சேர்த்தார். தமிழர்களிடம் அவர்கள் வழிபாடு பற்றிக் கேள்விகள் அனுப்பி, பதில் கடிதங்களை வாங்கினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மனில் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். சிவன், விஷ்ணு மட்டுமல்ல. ஐயனார், மாரியம்மன், பிடாரி வரை அதில் உண்டு.

ஹாலே அதை அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை அகற்றத்தானே அனுப்பினோம், அதைப் பரப்பவா என்பது பிராங்கேயின் எண்ணம். 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது.

பிராங்கேயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் 'இதில் வருகிற ஞாயிற்றுக்கு ஏதாவது கிடைக்குமா?' என்றுதான் என் கண்ணும் தேடும். அந்தக் கணக்கில் இந்த நூல் உதவாததுதான். ஆனால் எங்கள் ஆலயத்துக்கு எதிர்த்தெருவில் அம்மன் கொடை நடக்கிறது. கொட்டுச் சத்தம் வீட்டுக்குள் கேட்க, எங்கள் சபையார் பக்கத்து வீட்டாரோடு அங்கேதான் வாழ்கிறார்கள். அந்தப் பக்கத்து வீட்டாரின் சாமியைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத ஒரு போதகர் நேரம் ஒதுக்கியிருக்கிறார். நான் இங்கே படிப்பதில் பாதி பிரசங்க மேடை ஏறாது. ஆனால் வீடு சந்திக்கப் போகும்போது இனி நான் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

சீகன்பால்கு 1715இல் ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூட வந்தார். மறு ஆண்டு சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் இந்த ஊரில் அச்சானது. மலையப்பனைப் பற்றிய தாள்களைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் கதை அடுத்த இதழில்.